மண்ணுக்குப் போகிற கால்

எங்கள் சாச்சாவுக்கு, அதாவது வாப்பாவின் தம்பிக்கு, எதையும் சாதாரணமாகச் செய்யப் பிடிக்காது. அவருடைய கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் எங்கள் ஊர் அம்பிட்டியவுக்கு வரப்போகிறார்கள், முன்னாலிருக்கும் செவ்வரத்தை வேலி காடாய்க் கிடக்கிறது, வெட்டு என்று வாப்பா சொன்னார். வேறு யாராக இருந்தாலும் கத்தியைத் தீட்டியிருப்பார்கள். சாச்சாவோ, சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துரையின் ஏலத்தில், கரண்டில் வேலி வெட்டும் மெஷின் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்தே அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

மெஷினின் பிளக்குக்கு மூன்று கால். விறாந்தைச் சுவரிலோ இரண்டு துளைதான். சாச்சா யோசிக்கவே இல்லை. மூன்றாவது காலை முறிக்கக் குறட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அது என்னத்துக்கு ஈக்கிற கால்?" என்று உம்மா கேட்டார்.

"அது மண்ணுக்குப் போற கால், மதினி. நமக்குத் தேவல்ல."

எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வேலை செய்த வயரிங் பாஸ் எப்போதோ சொன்னது அரைகுறையாகச் சாச்சாவின் காதில் விழுந்திருந்தது. ஆனால் எங்களுக்குள் மண்ணுக்குப் போவதென்றால் ஒரே அர்த்தம்தான். கல்யாண வீட்டில் கபுறுக் குழிப் பேச்சா என்று உம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மெஷினைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சாச்சா கெஞ்சினார், கோபித்தார், பகல் சோறு வேண்டாமென்றார். பூனைக்கு அன்று நல்ல மீன் கிடைத்தது.

கடைசியில் வாப்பா வயரிங் பாஸைக் கூட்டிவந்தார். அவர் மூன்று துளைப் பொயின்ட் ஒன்றைச் சுவரில் பூட்டி, அதிலிருந்து ஒரு கம்பியை இறக்கி, சுவரோரம் மண்ணில் அடித்த இரும்புக் குழாயில் முடுக்கினார். அப்போதும் உம்மா சாவியைத் தரவில்லை.

"இந்தக் கம்பி மண்ணுக்குப் போனாத்தான் மனுசன் போகாம இருப்பான்" என்று பாஸ் சொன்ன பிறகே அலுமாரி திறந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள், தூறல் விட்ட கையோடு சாச்சா வெறுங்காலுடன் ஈரப் புல்லில் இறங்கினார். பாதி வேலி எண்ணெய் வைத்து வாரிய தலைபோல ஒழுங்காகிவிட்டது. அப்புறம் பட்டென்று ஒரு சத்தம். மெஷின் நின்றுபோயிற்று. பியூஸ் எரிந்துவிட்டிருந்தது.

பாஸ் வந்து மெஷினைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே வயரின் தோல் தேய்ந்து, கம்பி இரும்பு உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. "அந்தக் காலை மட்டும் முறிச்சிருந்தா..." என்று தொடங்கியவர், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வாப்பா சாச்சாவின் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை.

வாப்பா மவுத்தான பிறகு எங்களைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அந்தச் சாச்சாதான். உம்மா ஒரு சொல்லைத் தப்பாக விளங்கிக்கொண்டதற்கு நான் நன்றி சொல்லாத நாள் இல்லை.

ஆனால் அன்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாதி வேலியைப் பார்த்துப் பெண் வீட்டார் சிரிப்பார்களே! மறுநாள் சிரிக்கவும் செய்தார்கள். பாஸ் போனதும் முறையிட உம்மாவைத் தேடிப் போனால், அவர் அறைக்குள் தொழுகைப் பாயில் நெற்றியை வைத்துத் தேம்பிக்கொண்டிருந்தார். எழுந்ததும், அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிச் சுக்ர் செய்தேன் என்றார். மெஷின் கெட்டுப்போனதற்கு யாராவது சுக்ர் செய்வார்களா? கல்யாணம் முடியும்வரை நான் உம்மாவோடு பேசவே இல்லை.