அம்பு போடாத கல்

கிடங்கில் எல்லோரும் அவரைச் சுடுதண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். காலில் சுடுதண்ணியைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி ஓர் இடத்தில் நிற்கமாட்டார். ஆனால் கை மட்டும் நிதானம். ஆராய்ச்சிக்காகப் பூமியைத் துளைத்து எடுத்துவரும் கல் உருளைகளை, மேலே இருந்தது மேலே, கீழே இருந்தது கீழே என்று நீளப் பெட்டிகளில் அடுக்கி, ஒவ்வொரு துண்டிலும் கீழ்ப்பக்கம் காட்டும் அம்புக்குறி போடுவதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலை. அவர் அடுக்கிய பெட்டியை யாரும் மறுபடி சரிபார்த்ததில்லை.

அந்தக் கல்லும் லேசுப்பட்டதல்ல. கடவுள் மனிதனைப் படைப்பதற்கு வெகுகாலம் முன்னே, துளை போட்ட இடத்தில் ஓர் ஏரி கிடந்ததாம். சேறும் பாசியும் வருஷா வருஷம் அடியில் படிந்து, அழுந்தி, கல்லாகிவிட்டன. வெறும் சேறு சாம்பல் நிறக் கல். பாசி மிகுந்தது கரும்பழுப்பு. பிளேடால் சீவினால் மரச்சீவல் போலச் சுருளும், முகர்ந்தால் எண்ணெய் வாடை.

அன்று காலை அப்படி ஒரு பெட்டி வந்தது. அம்பு போட அதை மேஜைக்குத் தூக்க வேண்டும். இரண்டு ஆள் கனம். கூட்டாளி வெளியே போயிருந்தார். இவருக்குக் காத்திருக்கப் பொறுக்குமா? தனியாகத் தூக்கினார். பாதி வழியில் கை நழுவி, பன்னிரண்டு துண்டும் தரையில் உருண்டன.

யாரும் பார்க்கவில்லை. உடைந்த முனைகளைப் பல்லோடு பல் சேர்ப்பதுபோல் பொருத்தி, பதினொன்றை அடுக்கிவிட்டார். மிச்சம் ஒரு சாண் துண்டு. அதன் இரண்டு முனையும் ரம்பத்தால் அறுத்து மழமழவென்று இருந்தன. காலியாக இருந்த இடத்தில் இப்படி வைத்தாலும் உட்கார்ந்தது, அப்படி வைத்தாலும் உட்கார்ந்தது. அம்பு போடக் கை வரவில்லை. மூன்று மணிக்குப் பாறை ஆய்வாளர் அம்மா வந்து, இந்தப் பெட்டிக் கல்லில் வருஷத்துக்கு ஒன்றாகப் படிந்த கோடுகளை வரி வரியாக எண்ணி எழுதப்போகிறார்.

மதியம் சுடுதண்ணி சாப்பிட வீட்டுக்குப் போனார். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"என்ன, தட்டுக்கு முன்னால டான்ஸ் ஆடுறீங்க?" என்றாள் மனைவி.

சொன்னார்.

"ஒரு சாண் கல்லுக்கா இந்தப் பாடு? ஏதாவது ஒரு பக்கம் அம்பு போட்டுட்டுச் சாப்பிடுங்க. அது எழுந்து வந்து சாட்சி சொல்லப்போகுதா?"

"கல்லு சொல்லாதுடி. கடவுள் பாத்துட்டாரே."

"அப்ப அவரையே கேளுங்க, எது மேல்பக்கம்னு. அவருதானே செஞ்சாரு!"

சிரிப்பு வந்துவிட்டது. சாப்பாடுதான் இறங்கவில்லை.

மூன்று மணிக்கு ஆய்வாளர் வந்தபோது, இவர் மேஜையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"என்னண்ணே, நடந்தே தரையில பள்ளம் போட்டுடுவீங்க போல?"

"மேடம், பெட்டியக் கீழ போட்டுட்டேன். இந்தத் துண்டு மட்டும் எந்தப் பக்கம்னு தெரியல."

ஆய்வாளர் திட்டவில்லை. ஈரத்துணியால் கல்லைத் துடைத்து, லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். இவர் மேஜையை இன்னொரு சுற்று சுற்றிவந்தார்.

"சேறு வெயில்ல வெடிச்சிருந்தா, வெடிப்பு கீழ போகப்போகக் குறுகும். அத வச்சுச் சொல்லிடலாம். இதுல ஒண்ணுமே இல்லண்ணே. அப்ப அந்த ஏரி வத்தவும் இல்ல, அசையவும் இல்ல போல."

"கொடுத்துவச்ச ஏரி" என்று முணுமுணுத்தார் இவர்.

"இத எண்ணிக்கையில சேக்க முடியாது. மத்த பதினொண்ணையும் நான் ஒருதடவ பொருத்திப் பாத்துடறேன்."

சுருக்கென்றது சுடுதண்ணிக்கு. நியாயம்தான், ஆனாலும் சுருக்கென்றது. ஒவ்வொரு துண்டாக எடுத்து முனையோடு முனை வைத்து ஆய்வாளர் பார்க்கப் பார்க்க, இவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். பதினொன்றும் சரியாக இருந்தன.

"அந்தத் துண்டுமேல எழுதிடுங்க."

"என்னன்னு மேடம்?"

"மேல் கீழ் தெரியாதுன்னு."

பேனாவைத் திறந்தார். இத்தனை வருஷத்தில் எந்தக் கல்லிலும் அவர் எழுதாத வார்த்தை அது. எழுத்துக் கூட்டி எழுதி முடித்தார். கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது.

"அழிச்சிட்டுத் திருத்தமா எழுதட்டுமா மேடம்?"

"வேணாம்ண்ணே. படிக்க முடியுது" என்று சொல்லிவிட்டு, ஆய்வாளர் அடுத்த துண்டிலிருந்து எண்ணத் தொடங்கினார்.