பின் அட்டையில் ஓர் ஓட்டை

"உங்கட வள்ளிநாயகியக்காவின்ர புத்தகம் இப்ப ஐயாயிரம் போகுதாம்" என்று கனடாவில், ஸ்காபரோ மளிகைக் கடையில் நல்லம்மா சொன்னார். அவருக்குச் சொன்னது நிலாவெளிக்குப் போய்வந்த யாரோ. தொண்ணூற்றாறில் நான் திருகோணமலையை விட்டு வரும்போது அக்கா நடத்திய மாத இதழ் ஐநூறு பிரதிதான். சந்தோசப்பட வேண்டிய செய்தி. எனக்கென்னவோ அந்த எண் இடித்தது.

அக்கா என் பெரியம்மாவின் மகள். கதை திருத்துவது, அச்சகத்துக்கு அலைவது, விளம்பரம் பிடிப்பது எல்லாம் அவரேதான். அச்சுக்கூலியைத் தாங்கியது பின் அட்டை விளம்பரம் ஒன்றே. அதைத் தந்தவர் படகு எஞ்சின் சாமான் விற்கிற கலீலுர் றஹ்மான். எங்களுக்கு அவர் நானா, அண்ணன் மாதிரி. ஒருநாள் அவர் இனி ஏலாது என்றுவிட்டார். அவரைச் சமாளிக்கப் போன அக்காவோடு நானும் போனேன்.

"ஐநூறு புத்தகத்துக்கு இவ்வளவு காசா, தங்கச்சி? சுவரில எழுதினா ஊரே பாக்கும்."

"சுவரை ஆர் நானா படுத்துக்கிடந்து வாசிக்கிறது? எங்கட புத்தகம் ஒண்டு பத்து வீடு சுத்தும்."

"அப்ப ஐயாயிரம் எண்டு போடுங்களேன். எல்லாரும் அப்பிடித்தானே."

"ஐநூறு எண்டால் ஐநூறுதான். பத்து வீட்டை நான் காட்டித் தாறன்."

நானா ஒரு மாதத்துக்கு மட்டும் சம்மதித்தார். அடுத்த இதழில் அக்கா, நானாவின் விளம்பரத்தை வெட்டிக் கொண்டுவந்தால் ஸ்பார்க் பிளக் பாதி விலை என்று போட்டார். அந்த விளம்பரத்தின் பின்பக்கம் தொடர்கதையின் முடிவு இருப்பதை அக்கா யோசிக்கவில்லை.

முதல் கிழமை வந்த துண்டுகள் ஒரு கைக்குள் அடங்கின. கடலுக்குப் போகவே நேவிக்காரர் பாஸ் கேட்கிற யுத்த காலம். பிளக் வாங்க ஆர் வருவார்? நானா உதட்டைப் பிதுக்கினார்.

பிறகு பெண்கள் வரத் தொடங்கினார்கள்.

"ஆரோ பாழ்படுவான் ஒரு பிளக்குக்காகக் கதையை வெட்டிப்போட்டான்" என்று நிலாவெளித் தங்கரத்தினம் கடைக்குள் நின்று கத்தினார். "அந்தத் துண்டை ஒருக்காத் தாங்கோ. பெட்டை கடைசியில ஆரைக் கட்டினவள் எண்டு பாத்திட்டுத் தாறன்."

தம்பலகாமத்திலிருந்து வயற்காரர் கோணாமலையும் பஸ் ஏறி வந்தார். படகுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. கடைசியில் நானாவே துண்டைக் கையில் பிடித்து, வந்தவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினார். வாசித்து முடிந்ததும், "சாமான் ஏதும் வேணுமா?" என்று கேட்பார்.

"வெட்டினது கொஞ்சப் பேர், தங்கச்சி. ஏச வந்தது கடை கொள்ளாத சனம்" என்று சிரித்து ஒரு வருசத்துக்கு விளம்பரம் தந்தார். "ஆனா அடுத்த மாசமும் கதைக்குப் பின்னாலதான் போடணும்."

"ஏலாது நானா. இனியும் வெட்டினால் சனம் என்னைத்தான் வெட்டும்."

அப்படிப்பட்ட அக்கா ஐயாயிரம் என்று சொல்லியிருப்பாரா? இதழ் மெய்யாகவே வளர்ந்துவிட்டதா? இல்லை, நானாவும் கைவிட்டதால், வேறு வழியில்லாமல் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்கிறாரா? அக்காவிடம் போன் இல்லை. நானாவின் கடைக்குத்தான் போன் எடுக்கிறேன். அங்கே இப்போது காலை, கடை திறந்திருக்க வேண்டும்.

மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.