மஞ்சள் காய்ச்சிய நாள்

என் மாமா, அம்மாவின் தம்பி, புத்த பிக்குவானது ஞானம் பிறந்து அல்ல. பெண் பார்க்கப் போகிற அன்றைக்குப் பயந்து ஓடியவர் இலங்கை வரை போய்விட்டார். அங்கே ஒரு மடத்தில் சோறு போட்டார்கள், தலையை மழித்தார்கள், ஆங்கிலமும் பாலி மொழியும் கற்றுக்கொடுத்தார்கள். சோற்றுக்குப் போனவர் பாலியில் மாட்டிக்கொண்டார்.

அறுபதுகளில் ஒருநாள், ஆங்கில ஆய்வேட்டுக் கட்டோடு திருப்பூரில் எங்கள் வாசலில் வந்து நின்றார். மூன்றாம் நாள் சென்னைக்கு ரயில். பேராசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேறினால் டாக்டர் பட்டம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆய்வேட்டைப் புரட்டி ஓர் அடிக்குறிப்பு எண் தப்பு என்று காட்டினேன். மாமா முகம் சுருங்கியது. எனக்குப் பெருமையில் அன்று பசியே எடுக்கவில்லை.

அப்பாவுக்குப் பனியன் துணி வெளுக்கும் பட்டறையில் வேலை. அழுக்குத் துணியைக் கண்டால் அவருக்குக் கை நிற்காது. ரயிலுக்கு முந்தின நாள் மாமா குளிக்கப் போன நேரம், அவருடைய ஒரே காவி உடுப்பை எடுத்துப்போய் பிளீச்சிங் தொட்டியில் முக்கிவிட்டார். மாலையில் கொக்கு நிறத்தில் கொண்டுவந்து நீட்டினார்.

“இத்தனை வருசத்துல இப்பிடி யாராச்சும் தொவைச்சுக் குடுத்தாங்களா, சாமி?”

அதுவரை அப்பாவின் வேட்டியில் உட்கார்ந்திருந்த மாமா தலையில் கை வைத்தார். “வெள்ளை உடுத்துனா நான் பிக்கு இல்லீங்க மாமா, சம்சாரி.”

“நல்லதாப் போச்சு. பொண்ணு பாக்கலாம்,” என்றாள் அம்மா.

“வெளையாடாதீங்கக்கா. பரீட்சைக்குப் பிக்குன்னு எழுதிக் குடுத்திருக்கறன். இந்தக் கோலத்துல நான் போகமாட்டேன்.”

பனியன் ஊரில் அந்தக் காலத்தில் எல்லாமே வெள்ளை. சாயத்துக்கு எங்கே போவது? நான் விரலி மஞ்சளை இடித்துக் கொதிக்கவைத்தேன். வெளுத்த பருத்தி அதை ஆசையாகக் குடித்தது. காலையில் மாமா பளபளவென்று ஸ்டேஷனில் நின்றார்.

ஓர் அம்மாள் கும்பிட்டாள். “மாரியாத்தாளுக்கு வேண்டுதலுங்களா, சாமி?”

பொய் சொல்லக் கூடாதென்பது அவர் விரதம். “பரீட்சைக்குப் போறனுங்க.”

“அப்பக் கட்டாயம் வேண்டிக்கோணுங்க,” என்று பெட்டிமேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுப் போனாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. தேறிவிட்டாராம். முதல் கேள்வியே உடுப்பின் நிறம்தானாம். பழைய பிக்குகள் வேரிலும் பட்டையிலும் சாயம் காய்ச்சிய விதத்தை மாமா நூல் ஆதாரங்களோடு சொல்லத் தொடங்க, கேட்டவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதாம்.

அப்பா என்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போய்க் கடிதத்தை வாசிக்கச் சொன்னார். மூன்று முறை வாசித்தேன். மஞ்சள் காய்ச்சியது நான் என்ற வரி கடிதத்தில் இல்லை. மூன்று முறையும் அதைச் சேர்த்தே வாசித்தேன்.