சளிக்கு எதற்கு ஸ்கேன்

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் என் கணவர் ஸ்கூட்டரோடு விழுந்தபோது, ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. போலீஸைப் பார்த்தால்தான் அது தலைக்கு ஏறும். அன்றே தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை என்றதும், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று சிரித்தார். தலைப்பாகைதான் தலையிலேயே இல்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு நாள் கழித்து, குனிந்து ஷூ மாட்டும்போது மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது. சளி மாதிரி இல்லை, தெளிந்த தண்ணீர். டாக்டரிடம் போகலாம் என்றேன். இவரோ ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, படமெடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். எங்கள் வீட்டில் எந்த வியாதியும் அந்த வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். வெளிநாட்டில் பல் டாக்டராக இருக்கும் நாத்தனார் மகன், "நார்மல் மாமா, கோல்டா இருக்கும்" என்று எழுதினான். நாத்தனார் ஆவி பிடிக்கச் சொன்னார். இவரும் பிடித்தார். பிடித்துவிட்டு வீடே அதிர மூக்கைச் சிந்தினார். நான் வாய் திறந்தால் சந்தேகப் பிராணி. பல் டாக்டர் சொன்னால் வேதவாக்கு.

தலைவலி வந்த பிறகுதான் தாம்பரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துப் போக முடிந்தது.

"மூக்கைச் சிந்தினீங்களா சார்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"நல்லாவே சிந்தினேன் மேடம்." அதில் பெருமை வேறு.

மண்டையோட்டின் அடிப்பாகத்தை மட்டும் மெல்லிய துண்டுகளாகப் படம்பிடிக்கும் சி.டி. எடுக்கச் சொன்னார். பிறகு திரையில் காட்டினார். மூக்குக்கு மேலே, எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"முதல்ல எடுத்தது தடித்தடியா வெட்டின ரொட்டி மாதிரி. நடுவுல முடி கிடந்தா தெரியாது. இது சளி இல்ல சார், மூளையைச் சுத்தி இருக்கற தண்ணி. சிந்தினா காத்தும் கிருமியும் உள்ளே ஏறும். மூளைக்காய்ச்சல் வந்தா உயிருக்கே ஆபத்து."

அட்மிட் செய்தோம். "முதல் ஸ்கேன்ல இல்லாதது ரெண்டாவதுல எப்படி வரும்? ஸ்கேன் எடுத்தே வரவழைச்சுட்டீங்க" என்றார் நாத்தனார். ஃபோனை வைத்துவிட்டேன்.

தலைமாட்டை உயர்த்திய கட்டிலில் அசையாமல் சாய்ந்திருந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தும்மல் வந்தா என்ன பண்றது?"

அத்தனை நாள் ஆத்திரமும் எங்கே போனதென்று தெரியவில்லை. "அடக்காதீங்க, அடக்கினா காத்து மேல ஏறும். வாயைத் திறந்து தும்முங்க, போதும்" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.