எனக்காகக் குனிந்தவர்

மூன்று வருஷத்துக்கு முன் நடந்தது இது. ஒரகடம் பக்கம் ஒரு கொரியா கம்பெனியில் கார் பாகங்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. உத்திரமேரூரில் விடியற்காலை நாலே முக்காலுக்கு கம்பெனி பஸ் ஏறினால், வீடு திரும்ப மாலை ஆறாகிவிடும். நாள் முழுக்க நின்றபடியே வேலை. ஷிப்ட் முடிந்தால் வீங்கிய காலில் செருப்பு நுழையாது.

எங்கள் லைனுக்கு ஒரு கொரியா இன்ஜினியர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெஷின் நின்றாலோ பாகம் பழுதானாலோ "ஐஸ்ஸி" என்று முனகுவார். நம்ம 'ஐயோ' மாதிரி என்று நினைத்து நாங்களும் பிடித்துக்கொண்டோம். பஸ்ஸில் சீட் கிடைக்காவிட்டால்கூட ஐஸ்ஸிதான்.

ஒருநாள் கொரியாவிலிருந்து பெரிய அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். அதற்காகப் பத்து நாள் லீவே இல்லாமல் உழைத்திருந்தோம். நிற்கும்போதே கண் சொருகியது. வந்தவர்களில் வயதானவர் என் மேஜைக்கு வந்து, ஒரு பாகத்தைக் கேட்டுக் கை நீட்டினார். எடுக்கப் போனவள் ட்ரேயையே தட்டிவிட்டேன். எல்லாம் தரையில் கொட்டியது. "ஐஸ்ஸி" என்றேன். அதுவும் அவர் முகத்தைப் பார்த்து.

அவர் முகம் மாறிவிட்டது. பக்கத்து மேஜைத் தோழி, "இன்னாடி சொன்னே? ஏன் எல்லாரும் உன்னியே பாத்துக்கினு கீறாங்க?" என்று காதோரம் கேட்டாள். எனக்கே தெரியவில்லை. வேலை போய்விடும் என்று மட்டும் பயம் வந்தது.

எங்கள் இன்ஜினியர் முன்னால் வந்தார். அந்தப் பெரியவர் எதிரே இடுப்பு வரை குனிந்து ஏதோ சொன்னார். பெரியவர் தலையசைத்து நகரும்வரை நிமிரவில்லை. பிறகு என்னோடு தரையில் உட்கார்ந்து பாகங்களைப் பொறுக்கினார்.

சாப்பாட்டு நேரத்தில், கம்பெனியில் மொழிபெயர்க்கும் பெண் விளக்கினாள். "அது எரிச்சல்ல வர்ற வார்த்தைக்கா. தனியா முனகிக்கலாம், கூட்டாளிங்ககிட்ட சொல்லலாம். பெரியவங்க முன்னாடி சொன்னா திட்டுற மாதிரி. நம்ம ஐயோ மாதிரி அவங்க சொல்றது 'ஐகோ'. அதைச் சொல்லியிருந்தா ஒண்ணுமே இல்ல. சார் இன்னா சொன்னாரு தெரியுமா? 'அந்தப் பொண்ணுக்கு அர்த்தம் தெரியாது. என் வாயிலேர்ந்துதான் கத்துக்கிச்சு. தப்பு என்னுது'ன்னாரு."

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். இன்ஜினியரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுக் களைப்பாகச் சிரித்தார். அடுத்த வருஷம் ஊருக்கே திரும்பிவிட்டார்.

இப்போது என்னிடம் நாலு பெண்கள் வேலை பழகுகிறார்கள். அலுப்பில் அவர்கள் ஏதாவது தப்பு செய்தால், திட்ட வாயெடுக்கும் முன், அதை என்னிடமிருந்துதான் கற்றார்களோ என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறேன்.