தங்கைக்கு எழுதியவை

பிரெஞ்சு பேசும் நகரத்தின் ஓரத்தில், லாசாலில், ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடித்து அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் ஜெகதீஸ்வரி பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறாள். அத்தனை வருடத்திலும் அவளை அலுவலகத்துக்குள் கூப்பிட்டது இரண்டே தடவைதான். முதல் தடவை, நீராவிக் குழாயில் கை வெந்தபோது. இரண்டாவது, போன வருடம் ஜூலையில்.

மனேஜர் றெனோல்டின் மேசையில் ஒரு தாள்கட்டு இருந்தது. மேல் தாளில் தன்னுடைய சின்னப் படத்தையும் பக்கத்தில் தமிழ் எழுத்தையும் கண்டதும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தாள். புரோசார்டில் இருக்கும் தங்கை வித்தியாவுக்கு அவள் ஃபேஸ்புக்கில் எழுதியது அது. இரண்டு வரிக்கு மஞ்சள் அடித்திருந்தார்கள்.

"றெனோல்ட் எங்களைக் கொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கட்டடம் எரியும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்," என்று றெனோல்ட் பிரெஞ்சில் சொன்னார். "இதை மிரட்டல் என்றுதான் நாங்கள் எடுக்க வேண்டும்."

மிரட்டல் என்ற சொல் அவள் காதில் ஏறவேயில்லை. "இது உங்களிடம் எப்படி வந்தது?" என்று கேட்டாள்.

றெனோல்ட் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்று அவர் நினைக்கவேயில்லை. வேலைத்தளத்துக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்று இரண்டு வருடத்துக்கு முன் சட்டம் போட்டார்கள். அதற்கு ஈடாகச் சாப்பாட்டு அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, உங்கள் வசதிக்காக என்று சுவரில் எழுதி ஒட்டினார்கள். அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு மென்பொருள் இருந்தது. திரையில் தெரிவதையெல்லாம் அது படம் பிடித்தது. எந்த மொழியாக இருந்தாலும் அரைகுறையாக மாற்றிப் பார்த்து, கொல், எரி போன்ற சொற்கள் வந்தால் மஞ்சள் அடித்துக் காட்டியது.

"நீங்கள் சம்மதித்திருக்கிறீர்கள்," என்று இன்னொரு தாளை நீட்டினார். பதினொரு பக்கப் பிரெஞ்சு. கடைசிப் பக்கத்தில் அவளுடைய கையெழுத்து. வேலை தொடங்க ஏழு நிமிடம் இருக்க, வரிசையில் நின்று வைத்தது.

"இந்தத் தமிழை உங்களுக்கு வாசித்துச் சொன்னது யார்?"

"கௌரி."

ஓடர் எடுக்கிற மேசையில் இருக்கும் கௌரி. மத்தியானங்களில் ஜெகதீஸ்வரியின் பெட்டியிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பு எடுத்துச் சாப்பிட்ட கௌரி.

"அவளைக் கூப்பிடுங்கள்."

கௌரி வந்து கதவோடு நின்றாள். ஜெகதீஸ்வரி மேல் தாளை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"மஞ்சள் அடிச்ச வரிக்கு மேல இருக்கிறதையும் வாசி. சத்தமா வாசி. பேந்து இவருக்குப் பிரெஞ்சில சொல்லு."

"அக்கா, என்னை வாசிக்கச் சொன்னது மஞ்சள் வரியை மட்டும்..."

"வாசி எண்டுறன்."

கௌரி வாசித்தாள். "பின்கதவை வண்டிலுகளால அடைச்சு வைச்சிருக்கினம். துணி காயவைக்கிற மெசினுக்கை பஞ்சு அடைஞ்சு கிடக்கு. சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனம். இந்த வெக்கைக்கை வேலை வாங்கி றெனோல்ட் எங்களைக் கொல்லுறான். ஒருநாளைக்கு இந்தக் கட்டடம் பத்தி எரியத்தான் போகுது."

பிரெஞ்சில் சொல்லி முடிக்கும்போது கௌரியின் குரல் நூலாகிவிட்டது. தவறாக விளங்கிவிட்டது என்றார் றெனோல்ட். எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப் போவதில்லை, வேலைக்குத் திரும்பிப் போகலாம் என்றார். பெரிய மனது பண்ணியவர் மாதிரி ஒரு முகம்.

குற்றமில்லை என்று காட்ட, தங்கைக்கு எழுதியதை இன்னொருத்தியின் வாயால் வாசிக்க வைக்க வேண்டியிருந்ததே என்று ஜெகதீஸ்வரிக்கு ஆத்திரம் வந்தது. குமர்ப்பிள்ளையாக யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில், கொழும்புக்கு அனுப்பும் கடிதத்தை ஒட்டாமல் ஆமிக்காரனிடம் நீட்டியிருக்கிறாள். அங்கே வாசித்தவனின் முகமாவது தெரிந்தது. இங்கே அவள் புட்டைத் தின்றுகொண்டு எழுத எழுத, சுவருக்கு அப்பால் வாசித்திருக்கிறார்கள்.

தாள்கட்டை இழுத்து எடுத்துப் புரட்டினாள். நாற்பத்தாறு பக்கம். ஆறு கிழமையாகப் பிடித்தது. முப்பத்தோராம் பக்கத்தில் வித்தியா எழுதியது கிடந்தது.

'அக்கா, இவர் திரும்பவும் கை நீட்டிப்போட்டார். பிள்ளையையும் கொண்டு வெளிக்கிட்டிட்டன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.' கீழே புரோசார்டில் எடுத்த புது வீட்டின் விலாசம், கதவிலக்கம் உட்பட.

"இதையும் வாசிச்சனியோ?"

கௌரி நிலத்தைப் பார்த்தாள். "கட்டு முழுக்க என்ரை மேசையில கிடந்தது அக்கா..."

"ஆருக்கும் சொன்னனியோ?"

"என்ரை அவருக்கு மட்டும்தான்."

கௌரியோடு பேசத் தொடங்கினால் கை நீண்டுவிடும் என்று ஜெகதீஸ்வரிக்குப் பயம். றெனோல்டின் பக்கம் திரும்பினாள். அவளுடைய பிரெஞ்சு மெசின் சத்தத்துக்கு நடுவே பழகிய பிரெஞ்சு, மெதுவாகப் பேச வராது.

"என் கையெழுத்தைக் காட்டினீர்கள். என் தங்கையின் கையெழுத்து எங்கே? அவள் இங்கே வேலை செய்கிறாளா? அவள் எந்தத் தாளில் சம்மதித்தாள்?"

எங்கள் திரையில் வந்தது எங்களுடையது என்பது போல் றெனோல்ட் ஏதோ சொன்னார்.

கௌரியின் கணவனும் வித்தியாவின் கணவன் சிவராசாவும் ஒரே கரப்பந்துக் கழகம் என்பது ஜெகதீஸ்வரிக்குப் பிறகுதான் தெரிந்தது. நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சிவராசா புரோசார்ட் வீட்டுக் கதவில் வந்து இடித்தான். நாற்பது நிமிடம் இடித்தான். வித்தியாவின் மகள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பொலிஸ் வந்து அவனைக் கூட்டிப்போன பிறகும் பிள்ளை திறக்கவில்லை.

வித்தியா அக்காவுக்குப் போன் எடுத்தபோது அழவில்லை. "நான் உங்களுக்குத்தானே அக்கா எழுதினனான்?" என்று ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள். அடுத்த கிழமையே வீடு மாறினாள். புது விலாசத்தை அக்காவுக்குச் சொல்லவில்லை.

தங்கையின் கோபத்தில் ஒரு பங்கு, அந்தக் கம்ப்யூட்டரில் எழுதிய தனக்கும் சேர வேண்டியது என்று ஜெகதீஸ்வரிக்குத் தெரியும். அது றெனோல்ட் மேலிருந்த கோபத்தைக் குறைக்கவில்லை, இன்னும் ஏற்றிவிட்டது.

கணவன் பேரின்பநாதன் தேத்தண்ணீரை வைத்துவிட்டு அவளுக்கு எதிரே இருந்தான். "விடும் ஜெகா. நோட்டீஸ் தராமல் விட்டிட்டாங்கள்தானே. இந்த வயசில இனி எங்க போய் வேலை தேடுறது?"

"வேலை அவன் தாறான். தங்கச்சியையும் அவனோ தந்தவன்?"

சனிக்கிழமை பேரின்பநாதனே அவளை இலவசச் சட்ட உதவி நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் இறக்கினான். தனிப்பட்ட தகவல்களைக் காக்க மாகாணத்தில் ஓர் ஆணையம் இருக்கிறது, அதற்கு முறைப்பாடு எழுதலாம் என்று அங்கே சொன்னார்கள். படிவத்தில் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பெயர் எழுதத்தான் இடம் இருந்தது. எதிரே இருந்த நிலையத்துப் பெண் மற்றப் பெயருக்கு இடமில்லை என்றாள். ஜெகதீஸ்வரி விளிம்பில் எழுதினாள். வித்தியாவின் பெயரைத்தான் பெரிய எழுத்தில் எழுதினாள்.

முறைப்பாடு போன செய்தி வந்த நாளே தொழிற்சாலையில் அவளை மடிக்கும் பகுதியிலிருந்து ஊத்தைத் துணி பிரிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். வாந்தியும் இரத்தமும் பட்ட விரிப்புகள். போனாள். விட்டுப்போவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் முந்தி வந்தாள். சாப்பாட்டு அறைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் அதற்குப் பிறகு யாரும் இருக்கவில்லை. கௌரி ஒருநாள் மெற்றோ வாசலில் வழிமறித்து, "அக்கா, என்னை மன்னிக்கேலாதோ?" என்று கேட்டாள்.

"ஏலாது," என்றாள் ஜெகதீஸ்வரி. "வித்தியாட்டைப் போய்க் கேள். விலாசம் எனக்கும் தெரியாது."

பதின்மூன்று மாதம் கழித்து ஆணையத்தின் தீர்ப்பு வந்தது. மென்பொருளை எடுக்க வேண்டும், பிடித்த படங்களை அழிக்க வேண்டும், தொழிலாளியோடு எழுதிப் பேசிய மற்றவருக்கும் கொம்பனி எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆணையத்துக்குப் போன் எடுத்து, வாசித்தவர்களின் தலைக்குள் இருப்பதை எப்படி அழிப்பீர்கள் என்று ஜெகதீஸ்வரி கேட்டாள். அந்தப் பக்கத்து ஆள் வருந்துவதாகச் சொன்னார். அவர் நல்ல மனிதர்தான். அவளுக்கு அது போதவில்லை.

கொம்பனியின் கடிதம், வித்தியாவைத் தேடிக் கண்டுபிடித்த ஆணையம் வழியாக, அவளுக்குப் போனது. அன்று பின்னேரம், ஒரு வருடத்துக்கு மேல் பேசாதிருந்த தங்கை ஜெகதீஸ்வரிக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, கடிதம் வந்திருக்கு. 'உங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' எண்டு கிடக்கு. அசௌகரியமாம் அக்கா. பிள்ளை இப்பவும் கதவு தட்டினா ஓடுது. இவங்களுக்கு அது அசௌகரியமாம்."

"விலாசத்தைச் சொல்லு. வாறன்."

வித்தியா சொன்னாள். ஜெகதீஸ்வரி வேலைச் சப்பாத்தோடேயே போனாள். குசினி மேசையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பதில் எழுதினார்கள். கதவு இடிபட்ட நாற்பது நிமிடத்தையும், குளியலறைத் தாழ்ப்பாளையும், இரண்டு தரம் வீடு மாறியதையும் ஒன்றும் விடாமல் எழுதினார்கள். பிரெஞ்சைச் சரிபார்த்து வாசித்த வித்தியா கடைசி வரியில் நின்றாள்.

"முடிவில நன்றி எண்டு போடுறதுதானே வழக்கம். போடட்டோ?"

"என்னத்துக்கு நன்றி?" என்றாள் ஜெகதீஸ்வரி. "பேரைப் போட்டிட்டு அனுப்பு."