வாழையிலைக்கு அடியில் தைத்த கூடு

காலை ஆறு மணிக்கு யாங்கோனின் தாமுவேயிலிருந்து கோ செல்வத்தின் வேனில் கிளம்பினோம். செல்வம் என் மனைவிக்குச் சித்தப்பா மகன், அங்கேயே பிறந்து வளர்ந்தவர். பெயருக்கு முன்னால் வரும் ‘கோ’, நம் ‘அண்ணன்’ போல ஒரு மரியாதை; பெண்களுக்கு ‘மா’. வடக்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரில், லோகா ஏரிக் காட்டை ஒட்டி அவருடைய தோட்டம். அன்று அங்கே அவர் மகளுக்குக் காதுகுத்து.

ஏழரைக்குப் பந்திக்கு இலை அறுக்கப் போனோம். செல்வம் ஓர் அகலமான இலையின் காம்பில் அரிவாளைப் போட்டதும், அடியிலிருந்து ஒரு குருவி விருட்டென்று பறந்தது. இலை பாதி அறுந்து தொங்கியது. அதன் அடிப்புறத்தில் நாரும் சருகுமாக நீளமான ஒரு பை. உள்ளே இறகு முளைத்த இரண்டு குஞ்சுகள்.

செல்வத்தின் முகம் வெளுத்துவிட்டது. “மக காது குத்துற நாள்ல இப்படிப் பண்ணிட்டேனே அத்தான்,” என்றார்.

அவர் மனைவி மா கமலா அவரைப் புலம்ப விடவில்லை. மூங்கில் சிம்பை வைத்துக் காம்பைச் சேர்த்து, பந்தல் கயிற்றால் தானே இறுக்கிக் கட்டினார். இலையைத் தாங்கிப் பிடித்திருந்த நான் அப்போதுதான் தையலைக் கவனித்தேன். இலையில் துளையிட்டுச் சிலந்தி நூலை மேலே இழுத்து, சட்டைப் பொத்தான்போல முடிச்சு முடிச்சாகப் போட்டிருந்தது அந்தக் குருவி.

தள்ளி நின்று காத்திருந்தோம். தாய் வரவில்லை. காதுகுத்து முடிந்தது, பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கியும் போனாள். செல்வம் மட்டும் விருந்தாளிகளை விட்டுவிட்டு அடிக்கடி வாழைப் பக்கம் வந்து நின்றார்.

பத்து மணி வாக்கில் “ச்சிக் ச்சிக்” என்று சத்தம். வாழைப்பூவில் தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்தது அது. தலையைப்போல இரு மடங்கு நீளத்தில் வளைந்த அலகு, சாம்பல் தொண்டை, மஞ்சள் வயிறு. சந்தேகமே இல்லை, சின்னச் சிலந்திபிடிப்பான். தேன்சிட்டுக்குப் பெரியப்பா முறை. குருவி பார்க்கும் ஆசையில் வால்பாறையில் பல மழைக்காலம் தேடியும் என் கண்ணில் படாதது. பூவை விட்டுப் பறந்து, எங்கோ ஒரு சிலந்தியைக் கவ்விக்கொண்டு திரும்பியது. கட்டுப்போட்ட காம்பில் ஒரு கணம் தயங்கியது.

“உள்ள போயிருச்சு,” என்றார் கமலா, மெதுவாக. செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு அந்தத் தோப்பில் யாரும் அரிவாள் எடுக்கவில்லை. இலை போதாமல் கடைசிப் பந்திக்குத் தட்டுதான் போட்டார்கள். விஷயம் கேள்விப்பட்டவர்கள் தட்டோடு எழுந்துபோய்க் கூட்டை எட்டிப் பார்த்தார்கள்.

திரும்பும் வழியில், வாழைக்குப் பர்மிய மொழியில் ‘ஙப்யோ’ என்று பெயர் என்றார் செல்வம். “ஙெட்னா குருவி, ப்யோன்னா சந்தோஷம். இங்க அப்படித்தான் பிரிச்சுச் சொல்வாங்க அத்தான்.”

நம் ஊரில் வாழை என்றால் எனக்கு இலை, தார், தண்டு என்றுதான் நினைப்பு ஓடும். இப்போது ஊர் திரும்பியபின், எங்கள் கிணற்றடி வாழையில் இலை அறுக்குமுன் குனிந்து அடிப்புறம் பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் இல்லை. பார்ப்பதே சந்தோஷமாக இருக்கிறது.